ஒற்றைக் கைக்கு ஒரு பலகை

என் மனைவியைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெண்டடி’ என்றுதான் அழைப்பார்கள். வெளியூருக்குப் போகும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிப்பவள். எந்த ஆணியானாலும் சுத்தியலால் இரண்டே அடி, தலை மரத்துக்குள் போய்விடும். பொண்டாட்டி புராணம் பாடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பாடத்தான் போகிறேன்.

அவளுடைய உயிர்த்தோழி, பட்டறை கேன்டீனில் சமைத்த அக்கா. இருபது வருடம் நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போய்விட்டது. வலது கையால் கத்தி பிடிக்கலாம். காயைப் பிடிக்கத்தான் கை இல்லை. வெங்காயம் உருண்டு உருண்டு ஓட, ஒருநாள் கத்தியை வீசிவிட்டு, “இனிமே அடுப்படிப் பக்கமே வரமாட்டேன்” என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஜன்னலோர நாற்காலிதான். யாராவது கேட்டால்தான் பேச்சு.

அக்காவைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. “அக்காவுக்கு ஒரு பலகை செஞ்சு குடுக்கப்போறேன்” என்றாள். காய் நறுக்கும் பலகை. நடுவில் இரண்டு ஆணி முனைகள் மேல்நோக்கி நிற்கும். அதில் காயைக் குத்தி வைத்தால் நகராது.

பெட்டி மரத்தில் மருந்து அடித்திருப்பார்கள், சமையலுக்கு ஆகாது. பழைய கதவிலிருந்து அறுத்த, வைரம் பாய்ந்த கட்டை ஒன்றை வாங்கி வந்தாள். வினை அங்கேதான். பெட்டி மரம் சாது, அடித்தால் வாங்கிக்கொள்ளும். இது வாங்குமா? துருப்பிடிக்காத ஆணியை வைத்து, பழக்க தோஷத்தில் ஓங்கி இரண்டு போட்டாள். பலகை நெடுகப் பிளந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் வேறு சொல்லித் தொலைத்தேன்.

“நீங்க கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?”

போனேன். மறுநாள், தான் எப்போதும் கேலி செய்யும் தச்சரிடமே போய் யோசனை கேட்டாளாம். “மொதல்ல டிரில்லால சின்னதா ஓட்டை போடணும்மா, ரெண்டடி” என்று அவர் சொல்ல, பட்டறையே சிரித்ததாம். ரோஷக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு வந்தாள். இன்னொரு கட்டை வாங்கி, அதில் ஓட்டை போட்டு, ஆணிக்குச் சோப்புத் தடவி, அடிப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் தட்டினாள். ஓர் ஆணிக்கு நாற்பது தட்டு. எண்ணினேன். பிறகு உப்புத்தாளால் தேய்த்தாள். என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஒரு சிராய் இல்லை. கர்வமாக இருந்தது.

இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கை விளங்காதவளுக்கு விளையாட்டுச் சாமானா?”

“ஒரு ஆணிக்கு நாப்பது அடி அடிச்சிருக்கேன்க்கா. நான். பட்டறையே சிரிச்சுது. ஒரே ஒரு வெங்காயம் நறுக்கிப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க.”

“நாப்பதா? நீயா?” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தார்.

வெங்காயத்தை ஆணியில் குத்தினார். முதல் வெட்டு கோணல். மருமகள், “குடுங்கத்தே, நான்...” என்று கை நீட்டினாள்.

“தள்ளு.”

அப்புறம் கத்தி வேகம் பிடித்தது. வெங்காயம் வதங்க, ஒற்றைக் கையாலேயே முட்டையை உடைத்து ஊற்றினார். தட்டை என் மனைவிக்கு முன்னால் வைத்து, “உக்காருடி, சாப்பிடு” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். அக்கா நின்றபடி கடைசி வாய் வரை பார்த்தார். பிறகு மருமகளிடம் திரும்பினார்.

“இன்னொரு வெங்காயம் எடும்மா. இவரும் பசியோடதான் நிக்கறாரு.”