கூடத்து மீன்தொட்டி

மனசு லேசாகும் என்று சொல்லித்தான் எல்லோரும் தண்ணீர்ச் செடி வளர்க்கும் மீன்தொட்டி வைக்கிறார்கள். எனக்கோ அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நிம்மதியே போயிற்று.

கரமனையில் எங்கள் அக்ரகாரத்து வீட்டில் மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. செடிகளுக்கு நடுவே நீந்துகிற நாலைந்து கப்பி மீன்களுக்கு மட்டும் மாமியார் அரை மனதோடு சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"இந்தாத்துல ஒரு ஜீவன் செத்து மெதக்கப்படாது, கேட்டியா? ஒண்ணு போனாலும் தொட்டி வெளியிலதான்."

"சரிம்மா" என்றேன், என்னமோ உயிரும் சாவும் என் கையில் இருப்பதுபோல.

முதலில் செடிகள் கரைந்தன. புது இடத்துக்குப் பழகும்வரை பழைய இலை அழுகத்தான் செய்யும் என்றார் மீன் கடைக்காரர். அழுகியதையெல்லாம் கத்தரித்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமே என்று, வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றினேன். செடிகள் துளிர்த்தன. ஆனால் தண்ணீர் மட்டும் கஞ்சியாகவே இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தீனியைப் பாதியாகக் குறைத்தேன், அப்படியும் தெளியவில்லை. கழக்கூட்டத்தில் இருக்கும் ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் அந்த வாய்கள்தான் கண்முன் நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கப்பி அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. பதறிப்போய் ஃபில்டரைக் கழற்றினேன். ஸ்பாஞ்ச் முழுக்கக் கொழகொழவென்று வெள்ளையாக ஏதோ. விரலால் நசுக்கிப் பார்த்தேன். பொரி!

சுர்ரென்று கோபம் வந்தது. திரும்பினால் மாமியார் பின்னால் நிற்கிறார்.

"கோவில் கொளத்துல மீனுக்குப் போடறதில்லையா? தெனம் குளிச்சுட்டு வந்து ஒரு பிடி போடுவேன். புண்ணியமாச்சேன்னு..." குரல் இறங்கியது. "அதனாலதானா?"

ஸ்பாஞ்சைக் கீழே வைத்தேன். "கொளம் பெரிசும்மா. இது சின்னது, போட்டதெல்லாம் அழுகிடறது."

"பகவானே, நானே கொன்னுட்டேனா" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் சாகவில்லை என்று நான் சொன்னது காதில் விழவேயில்லை.

அதுவரை தொட்டி போய்விடுமே என்றுதான் பயந்திருந்தேன். இப்போது அவரை நினைத்துப் பயமாக இருந்தது. அந்த மீன் செத்தால் அவர் சோற்றில் கை வைக்க மாட்டார்.

பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் மனசில்லாமல் ஆபீஸுக்குப் போனேன். மதியம் வீட்டிலிருந்து போன். மாமியார்தான்.

"இன்னும் ஜீவன் இருக்கு. செவுள் அசையறது."

"நீங்கோ சாப்டேளா?"

"அது அப்பறம்." கொஞ்சம் தயங்கினார். "ஒருவேளை இது போய்ட்டாலும் தொட்டிய வெளில வெச்சுடாதேடி. மத்ததெல்லாம் எங்கே போகும்?"

"வைக்க மாட்டேம்மா."

"இரு, இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்" என்றார். போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.