பாலத்துக்கு மேலே எடுத்த தண்ணீர்

கடல் களனி ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் ஏறிவருகிறது என்பதை அளப்பதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. மழையில்லாத மாதங்களில் ஆற்றின் வேகம் குறைந்துவிடும். அப்போது மேலே நல்ல தண்ணீர் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அடியில் உப்புத் தண்ணீர் எதிர்த்திசையில் சத்தமில்லாமல் உள்ளே வரும். கொழும்பு குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் என்பதால் இது முக்கியமான ஆய்வு என்றார் என் பேராசிரியர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. உப்புக் கரிக்கிறதா என்று பார்க்க நாக்குப் போதாதா, அதற்கு ஒரு பட்டமா என்று அம்மா கேட்டார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு வேறு கவலை. இராணுவம் காவல் நிற்கும் பாலத்துக்குக் கீழே, பை நிறையப் போத்தல்களோடு ஒரு தமிழ்ப் பெண் போவதை நினைத்தாலே அவருக்கு பிரஷர் ஏறியது.

வள்ளக்காரரைப் பிடித்துத் தந்ததும் அப்பாதான். பேலியகொடைக் கரையில் இருந்த சிங்களவர், ஆனால் எங்களைப் போலவே கத்தோலிக்கர். வருடாவருடம் எங்கள் கோயில் திருநாளுக்கு வந்து அப்பாவுக்குப் பழக்கமானவர். எங்கள் ஆட்களோடு பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். பாலத்தை நெருங்கும்போது, இது தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிற மிஸ் என்று மேலே நிற்கும் சிப்பாய்களுக்குச் சிங்களத்தில் கூவிச் சொல்லிவிடுவார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பேன். வேறென்ன செய்வது.

வேலை இதுதான். பாரம் கட்டிய போத்தலைக் கயிற்றில் ஆற்றின் அடிவரை இறக்கி, இன்னொரு கயிற்றைச் சுண்டி மூடியைத் திறந்து, நிரம்பியதும் மேலே இழுக்கவேண்டும். முகத்துவாரத்தில் தொடங்கிப் பாலத்தோடு நிறுத்திவிடுவது என் திட்டம். அதற்கு மேல் உப்பு ஏறாது என்பது என் கணிப்பு.

தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஆற்றில் பிணங்கள் வந்தன. வடக்கில் எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தது போதாதென்று, தெற்கிலும் கிளர்ச்சிக்காரர் என்று சொல்லிச் சிங்களப் பொடியன்களை இராணுவம் வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. ஆற்றின் மேல்பக்கம் எங்கேயோ போடப்பட்டவர்கள், கைகள் பின்னால் கட்டப்பட்டபடி, எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். மற்ற வள்ளங்கள் விலகிப் போயின. எங்கள் வள்ளக்காரர் மட்டும் நேரே பக்கத்தில் போய், துடுப்பு நுனியால் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். உங்களுக்கென்ன பைத்தியமா, வள்ளத்தைத் திருப்புங்கள் என்று கத்தினேன். பார்த்து முடித்த பிறகுதான் திருப்பினார். கரைக்கு வரும் வழியில், தன் மகனை நம்பர் பிளேட் இல்லாத வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்ச் சில வாரமாகிவிட்டது என்று சொன்னார். ஏறாத முகாமில்லை, எல்லா இடத்திலும் இங்கே இல்லை என்ற ஒரே பதில்தானாம்.

அடுத்த முறை போனபோது, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“மிஸ், மிதக்கிறது கடலுக்குப் போகுது. அடியில தாழ்ந்தது எங்க போகும்?”

எனக்குப் பதில் தெரியும். என் ஆய்வே அதுதான். அதனாலேயே போத்தல் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அவர் விடுவதாக இல்லை. மழையில்லாத காலத்தில் அடித்தண்ணீர் மேல்நோக்கித்தான் நகரும், தாழ்ந்த பொருளும் அதோடு கொஞ்சம் நகரலாம், பாலத்தைத் தாண்டியும் போகலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன்.

“அப்ப பாலத்துக்கு மேலயும் போத்தல் போடுவம்.”

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா தடுப்பார் என்றுதான் நினைத்தேன். “தகப்பனெல்லே,” என்றார். “அவர் போகச் சொல்ற இடமெல்லாம் போ.”

போனோம். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்று மேலே. என் போத்தலில் வந்த தண்ணீரில் உப்பே இல்லை. அவருடைய கண்ணுக்கும் ஒன்றும் படவில்லை. ஒருநாள் கயிறு அடியில் சிக்கியது. இழுத்தால் வரவில்லை, ஆனால் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. அவர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். வாங்கியவர் உடனே இழுக்காமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். வரவேண்டும் என்று மன்றாடுவதா, வரக்கூடாது என்று மன்றாடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மேலே வந்தது சேறு நிறைந்த ஒரு சாக்கு. அதைக் கத்தியால் கிழித்து, கையை விட்டு அடிவரை துழாவினார். சேறும் மணலும்தான். அதன் பிறகு பலகையில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். கடல் ஏறும் நேரம் தவறி, அன்றைய அளவுகளெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தன. எனக்கு அது பெரிதாகவே படவில்லை.

பிறகு மழை வந்தது. ஆறு கலங்கிப் பெருகி, அடியில் இருந்த உப்பையும் மற்ற எல்லாவற்றையும் கடலுக்குத் தள்ளியது. இனி அளக்க ஒன்றுமில்லை. போத்தலையும் கயிற்றையும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று வள்ளக்காரர் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் என் அட்டவணையைப் புரட்டினார். பாலத்துக்கு மேலே எடுத்த எல்லா மாதிரியிலும் பூச்சியம்தானே, பிறகு ஏன் திரும்பத் திரும்பப் போனீர்கள் என்று கேட்டார். நல்ல மனிதர், கேள்வியில் பிழையில்லை. இல்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள, என்றேன். அது நல்ல ஆய்வு முறை என்று பாராட்டினார். பட்டமும் கிடைத்தது.

அடுத்த வறட்சியில் ஒருநாள், பாலத்துச் சோதனையில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தூரத்தில், நாங்கள் இருவரும் கடைசியாகப் போன இடத்துக்கும் மேலே, அவருடைய வள்ளம் நின்றது. தனியே இருந்தார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, என் போத்தலை இறக்கிக்கொண்டிருந்தார்.