மாமியின் பணியாரமும் அப்பாவின் சைலன்சரும்

அப்பாவின் கார் சந்தியில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி மெல்ல அதிரத் தொடங்கும். அதன் பிறகுதான் அந்தப் படபடப்பு காதுக்கு வந்து சேரும். என்னைவிட இருபது வயதாவது மூத்த டீசல் கார் அது. மானிப்பாயில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த அப்பா, சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்து டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் அதை வாங்கியிருந்தார். காருக்குள் எப்போதும் டீசல் மணக்கும். கிணற்றுக்குள் தண்ணீர் இருப்பதுபோல அதுவும் இயல்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. அப்பாவுக்கு "கராச்" வைத்திருப்பவர்கள் எல்லோர்மீதும் சந்தேகம். காரைத் திருத்தக் கொடுத்தால் நல்ல சாமான்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழையதைப் பூட்டிவிடுவார்கள் என்று பற்றறியின் அடியில்கூடச் சிவப்புப் பெயின்றால் அடையாளம் வைத்திருந்தார். அம்மாவுக்கு மாமிமீது சந்தேகம். வல்வெட்டித்துறையில் இருந்த மாமி அப்பாவின் மூத்த சகோதரி. தன் கணவரின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைக்க அவர் விரும்பியிருந்தாராம். அது நடக்காமல் அம்மா வந்து சேர்ந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியும், மாமி சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று அம்மா யோசிப்பார்.

எனக்குப் பத்து வயதான அந்த ஐப்பசியில், ஞாயிறு தோறும் நாங்கள் மாமி வீட்டுக்குப் போய்வந்தோம். காலையில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வல்லை வெளியின் காற்று முகத்தில் அடிக்கப் போவோம். மத்தியானம் சோறும் சுறா வறையும்; எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் மாமி சாப்பிட இருப்பார். பின்னேரம் தேத்தண்ணியோடு பனங்காய்ப் பணியாரம். திரும்பும்போது மழை தூறும். பிள்ளைக்குத் தடிமன் பிடித்துவிடும் என்று அம்மா பின்கண்ணாடிகளை இறுக்கி மூடச் சொல்வார். புத்தூர் தாண்டுவதற்குள் எனக்குத் தலையிடிக்கும். வீட்டு வாசலில் இறங்கியதும் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுப்பேன். முதல் வாரம் பயணக் களைப்பு என்றார்கள். மூன்றாம் வாரம் என் முகத்தைத் துடைத்துவிட்ட அம்மா, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாமி தந்த பணியாரம் கைச்சதே, பிள்ளை?"

பனங்காய் என்றால் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அம்மாவின் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் "ஓம்" என்றேன்.

"நாங்களும் தானே சாப்பிட்டனாங்கள்? எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே," என்றார் அப்பா.

"எங்களுக்கு எடுத்துக் குடுத்தவவே? பிள்ளைக்குத்தானே பாத்துப் பாத்துக் குடுத்தவ."

அடுத்த ஞாயிறு அம்மா எனக்கு வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றார். மாமி அந்தப் பார்சலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். எனக்காக எடுத்துவைத்திருந்த பணியாரத்தைக் குசினிக்குள் திருப்பிக் கொண்டுபோனார். அன்றும் நான் சத்தி எடுத்தேன். கொதித்தாறிய தண்ணீர் தவிர மாமி வீட்டில் எதுவும் என் வாயில் படவில்லையே என்று அப்பா சொன்னார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி குடிச்சவளெல்லே," என்றார். அதன் பிறகு நாங்கள் வல்வெட்டித்துறைக்குப் போகவில்லை. நானும் மாமியின் முகத்தை நினைக்கும்போதெல்லாம் அதில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடத் தொடங்கியிருந்தேன்.

மார்கழியில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை ஏற்றிவரும் வழியில் சைலன்சர் வெடித்து, கார் உழவு மெசின்போல இரைந்தது. வேறு வழியில்லாமல் அப்பா காரை எங்கள் ஊர்க் குணம் அண்ணையின் கராச்சுக்கு விட்டார். பழைய ரயர் ஒன்றின்மேல் குந்தியிருந்து, அவர் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார்.

குணம் அண்ணை காருக்குக் கீழிருந்து கரி படிந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"மாஸ்டர், பின் சீற்றிலை ஆர் இருக்கிறவை?"

"மகள்தான். ஏன்?"

"பிள்ளைக்குத் தலையிடி வாறதில்லையே?"

அப்பாவின் முகம் இறுகியது. முழுக் குழாயையும் மாற்றவைக்க இந்த மனிதர் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்துகிறார் என்று நினைத்திருப்பார். "சைலன்சரை மட்டும் மாத்தினால் காணும்," என்றார்.

குணம் அண்ணை பின்கதவைத் திறந்தார். என் கால்கள் இருக்கும் இடத்தில் விரித்திருந்த சாக்கை எடுத்தார். துருப்பிடித்த தகட்டில் கறள் தின்ற ஓட்டை ஒன்று, என் உள்ளங்கை அளவில். எஞ்சினை இயக்கிவிட்டு, பின்குழாயின் வாயை ஈரச் சாக்கால் பொத்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் அந்த ஓட்டையால் கரும்புகை குபுகுபுவென்று ஏறி, நான் வழக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தை நிறைத்தது.

"நடுவிலை குழாய் வெடிச்சு எத்தினை மாசமோ தெரியாது. கண்ணாடியளைப் பூட்டினால் புகை முழுக்க உள்ளுக்கைதான் நிக்கும். இன்னும் கொஞ்சநாள் போயிருந்தால் பிள்ளை பாவம், மாஸ்டர்."

அப்பா ரயரிலிருந்து எழுந்து புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எல்லாத்தையும் மாத்துங்கோ," என்று சொல்லிவிட்டு என்னை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிவந்தார். எஞ்சினில் பூட்டும் இடத்திலிருந்து கடைசி வளைவு வரை புதுக்குழாய் போட்டு, தகட்டையும் ஒட்டி முடிக்க மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாளும் அப்பா கராச்சுக்குப் போய்க் காவலிருக்கவில்லை.

அம்மா முழுவதையும் கேட்டார். கண்ணாடியை மூடச் சொன்னது தானே என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நெடுநேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தவர், கடைசியில், "அப்ப அதுவும் ஒரு காரணம்," என்றார்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு நாங்கள் மறுபடியும் மாமி வீட்டுக்குப் போனோம். கார் பழுதாகிக் கிடந்ததால் வர முடியவில்லை என்று அப்பா சொல்ல, மாமி தலையாட்டினார். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களுக்குப் போடுவதற்கு முன்னால், தன் சாப்பாட்டுக் கோப்பையில் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் போட்டார்.

"நான் முதல் சாப்பிடுறன். நீங்கள் பிறகு சாப்பிடுங்கோ."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றபடியே ஒவ்வொன்றாக மென்று விழுங்கினார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா தன் கோப்பையை நீட்டி, "எனக்கும் போடுங்கோ, மச்சாள்," என்றார்.

அன்று கண்ணாடிகளை மூடிக்கொண்டுதான் திரும்பினோம். அம்மா முன்சீற்றிலிருந்து திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போது அம்மா மெதுவாக, "எதுக்கும் அடுத்த கிழமையும் பாப்பம்," என்றார்.

அந்தக் காரை எப்போதோ பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். அதன் வகையில் ஒன்றையும் இப்போது பலாலி வீதியில் காண முடிவதில்லை. நான் ஓட்டும் கார் சந்தி திரும்பினால் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. குணம் அண்ணையின் கராச் இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை. அப்பாவும் இல்லை. மாமி சென்ற வருடம் காலமானார்.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டின்போது மாமியின் மகன் எங்களுக்கு அருகில் இருந்தார். தாயைப்பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், "அம்மாவுக்குப் பசி தாங்காது. ஆர் வந்தாலும் முதல் தான் ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுத்தான் மற்றவைக்குப் போடுவா. கடைசி வரைக்கும் உப்பிடித்தான்," என்று சொல்லிச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அம்மா வாழையிலையில் இருந்து கையை எடுக்கவில்லை. "ஓம் தம்பி," என்றார், "மச்சாளுக்கு எப்பவும் பசிதான்."

நானும் அதை ஆமோதிப்பதுபோலத் தலையாட்டினேன்.