சிட்டிகையக்கா

மூச்சை அடக்கிக்கொண்டுதான் அளக்கிறாள். கரண்டியின் காம்பில் விரலால் ஒரு தட்டு, அப்புறம் ஒரு அரைத் தட்டு; தராசு அசைவற்று நின்ற பிறகுதான் முகத்தைத் திருப்பி மூச்சு விடுகிறாள். வெல்டிங் ராடு செய்யும் தொழிற்சாலையில், ராடின் மேல்பூச்சுக்கான பொடிகளை அளந்து கலப்பது அவள் வேலை. இரும்புப் பொடியெல்லாம் மூட்டை மூட்டையாகப் போகும். போரான் மட்டும் சிட்டிகைக் கணக்கு. அதனால் அவளுக்குச் சிட்டிகையக்கா என்று பேர்.

"கொஞ்சூண்டுதான். ஆனா அதுக்கு இருக்கிற திமிரு வேற எதுக்கும் இல்ல" என்பாள். அளவாகச் சேர்ந்தால் பற்றவைத்த இடம் கடுங்குளிரையும் தாங்கும். கூடிப்போனால் அதே இடம் கண்ணாடி மாதிரி விண்டுபோகும்.

முன்பெல்லாம் அளந்துகொண்டே வாயடிப்பாள். இப்போது யார் கூப்பிட்டாலும் நிமிர்வதில்லை. பொடியைக் கொட்டியதும், போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாகக் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். இந்தப் பழக்கம் அப்போது இல்லை. ஒரு நாள் பக்கத்து மெஷின் சிக்கிக்கொண்டதென்று யாரோ அலற, அளந்துகொண்டிருந்தவள் ஓடிப்போய்த் திரும்பினாள். போரானைப் போட்டோமா, இல்லையா? போடவில்லை என்றே தோன்றியது. போட்டாள்.

அந்தச் சமயத்து ராடுகளைக் கொண்டுதான் அவள் தம்பி, உறைகுளிரில் வாயுவைத் தேக்கிவைக்கும் டாங்கி ஒன்றைப் பற்றவைத்தான். சில மாதங்களில் இணைப்பு பிளந்தது. இரண்டு பேர் செத்தார்கள். வெல்டரின் கைக்கோளாறு என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அதன்பிறகு அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவனும் பற்றவைத்த அந்த வலக்கையால் எதையும் தொடுவதில்லை.

போரானை இரண்டு தடவை போட்டிருப்பேனோ என்று அவள் மேனேஜரிடம் போய் நின்றாள். "சோதனையில அந்த ராடெல்லாம் பாஸ்தாம்மா. சும்மா கெடக்கிறதைக் கிளறாத" என்றார். டாங்கியையும் வெட்டி உருக்கியாயிற்று. இனி எந்தக் கருவியாலும் எதையும் சொல்ல முடியாது. நிஜமாகவே இரண்டு தடவை போட்டாளா? அவளாலும் சொல்ல முடியாது.

நேற்றுச் சாயங்காலம் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுவரோரமாக, வலக்கையைத் தொடைக்கு அடியில் கொடுத்தபடி அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னைத் தேத்துறதுக்காக எதையாவது சொல்லாதக்கா."

"சத்தியமா சொல்றேன்டா."

"நீயா? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அளக்கிறவ நீ. வேற யாருகிட்டயாவது போய்ச் சொல்லு." அவன் சிரிக்கக்கூடச் செய்தான்.

அவள் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை வேண்டுமென்றே அவனுடைய வலப்பக்கமாக நீட்டினாள். அவன் இடக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வாங்கிக்கொண்டான்.