கழிப்பறைத் துறைக்கு நான்தான் மந்திரி

என்னை வேனில் தூக்கிப் போட்டுக் குற்றாலத்துக்குக் கடத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் மனதார நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற ஒருவனை. நம்பியதோடு விட்டேனா? மாற்று வேட்டி, மாத்திரை டப்பா, பிரஷ் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, யாரும் கடத்துவதற்கு முன்னால் நானே ஓடிவிட்டேன்.

கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் கடைவீதி. அதற்கு ஒரு வியாபாரிகள் சங்கம், நிர்வாகக் குழுவில் பதின்மூன்று பேர். பத்து வருஷமாக உரக்கடைக்காரர்தான் தலைவர். போன தேர்தலில் அவர் பக்கம் ஆறு பேர்தான் ஜெயித்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் பக்கம் நாலு பேர். பூக்கடைக்காரர்கள் இரண்டு பேர். எந்தப் பக்கமும் சேராமல், எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ள நினைக்காமல், நான் ஒருவன்.

ஜவுளிக்கடைக்காரர் என் தையல் கடைக்கே வந்து, ஸ்டூலில் கிடந்த துணியைத் தானே ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "நாலும் ரெண்டும் ஆறுண்ணே. நீங்க கையத் தூக்குனா ஏழு. கூட்டணி ஆட்சிதான். என்ன துறை வேணும், சொல்லுங்க."

விளக்கு, குப்பை, பொங்கல் விழா எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. "கழிப்பறை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எடுத்துக்கங்க" என்றார். டீக்கடையில் எங்களுக்கு அன்றைக்கே மந்திரிசபை என்று பெயர் வைத்தார்கள். நான் டீ குடிக்கப் போனால், "மாண்புமிகு வர்றார், எந்திரிங்கப்பா" என்பார்கள். ஒருத்தனும் எழுந்ததில்லை.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சந்தைத் திடலுக்குப் பின்னால் சங்கம் கட்டிய பெண்கள் கழிப்பறை இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. மோட்டார் வைக்காமல் திறந்தால் நாறிப்போகும் என்று பூட்டியவர் உரக்கடைக்காரர். என் கடையில் தைக்கிற அக்கா காலை ஒன்பது மணிக்கு வந்தால் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். பூக்கட்டுகிற பெண்களும் அப்படித்தான். நீர்க்கடுப்புக்கு அக்கா மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியும். என்னைவிட மூன்று வயது மூத்தவர், சொல்லிக்கொள்ள மாட்டார்.

நாற்பது நாளில் இந்த மந்திரி என்ன சாதித்தேன்? 'சுகாதாரப் பொறுப்பாளர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன். அதைக் குத்துவதற்காகவே, புதுத் தலைவரான ஜவுளிக்கடைக்காரருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மோட்டார் வந்தால் முதல் தண்ணீர் பூ நனைக்கிற தொட்டிக்குத்தான் என்று பூக்கடைக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். "பேசுவோம், பேசுவோம்" என்றார் தலைவர். சாவி அவர் கல்லாப்பெட்டியிலேயே கிடந்தது.

"ஏந் தம்பி, ஆட்சி முடியிறதுக்குள்ள தொறந்துருவீங்களா?" என்பார் அக்கா, மிஷினை மிதித்துக்கொண்டே. "இல்ல, ஸ்டாம்பு மட்டுந்தானா?"

பேச்சிலேயே நாள் போனதில் பூக்கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். புதன்கிழமை நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று நோட்டீஸ் வந்தது. திங்கள்கிழமை டீக்கடையில் ஒரு குரல், "உரக்கடைக்காரர் வேன் புக் பண்ணிட்டாராம்ல" என்றது. எனக்கு அது போதும். டிவியில் எத்தனை எம்எல்ஏக்களை இப்படி ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்! ஆட்சியே என் ஒரு கையில் தொங்குகிறது. என்னைத்தான் தூக்குவார்கள்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "கட்டுமாவடிக்குப் போறேன், மச்சான் வீட்டுக்கு. யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிருங்க."

"யாரு தம்பி கேக்கப் போறா?"

அவர் குரலில் இருந்தது உண்மையான சந்தேகம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அறந்தாங்கி போய் பஸ் மாறினேன். போனை அணைத்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன், அந்த வெயிலில் பஸ்ஸில் எல்லோருமே துண்டு போட்டிருந்தார்கள்.

மச்சானுக்குச் சொந்தமாக ஒரு படகும், என்னைக் கேலி செய்ய ஏராளமான நேரமும் உண்டு. மறுநாள் காலை கரையில் ஒரு வேன் வந்து நின்றது. நான் வலைக் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். வந்தது ஐஸ் வண்டி.

"எந்திரிங்க மாமா, ஒங்களத் தூக்க வரல" என்றான் மச்சான். "சும்மா குந்தியிருக்கிற நேரத்துக்கு இந்த நெத்திலிய ஆஞ்சு குடுங்க, மந்திரியாரே."

இரண்டு நாள் நெத்திலி ஆய்ந்தேன். புதன்கிழமை சாயங்காலம் கூட்டம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் போனைத் திறந்தேன். ஐம்பது அழைப்பாவது தவறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றே ஒன்று. வீட்டுக்காரி, மாத்திரை போட்டேனா என்று கேட்க.

அக்காவைக் கூப்பிட்டேன். "யாராச்சும் தேடினாங்களாக்கா?"

"ஒருத்தி வந்தா, ஜாக்கெட்டு ரெடியான்னு."

"அந்த வேனு?"

"அது அவரு பேத்திக்குக் காதுகுத்தாம்ல, குலதெய்வக் கோயிலுக்கு."

பிறகு மீதியைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை அவரும் பூக்கட்டுகிற பெண்கள் நாலு பேரும் ஜவுளிக்கடைக்குப் போயிருக்கிறார்கள். "நாளைக்கு ஒங்களுக்குப் பதவி இல்லங்கிறாக. இன்னைக்கு இருக்குல்ல? சாவியக் குடுங்க" என்று அக்கா கேட்டிருக்கிறார். தலைவர் கல்லாப்பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டார். அன்றைக்கே ஐந்து பேரும் பினாயில் ஊற்றிக் கழுவி, அடிபம்பிலிருந்து டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். இதற்கெல்லாம் என் ஸ்டாம்ப் தேவைப்படவே இல்லை.

மறுநாள் தீர்மானம் முடிந்த கையோடு, திரும்பவும் தலைவரான உரக்கடைக்காரர் சாவியைக் கேட்டு நேராக அங்கே வந்திருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ள ஆளு இருக்கு, எப்படிப் பூட்டுறதுன்னேன். நின்னு பாத்தாரு. ஒரு ஆளு வெளிய வந்தா அடுத்த ஆளு உள்ள போகுது. போயிட்டாரு."

தீர்மானத்துக்குப் பூக்கடைக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்து எட்டுப் பேர் கை தூக்கினார்கள். எதிராக நாலு பேர். நான் போயிருந்தால் ஐந்து. ஆட்சி கவிழ்ந்தது. கழிப்பறையை அதற்குப் பிறகு யாரும் பூட்டவில்லை.