அப்பாவுக்குப் போட்ட கொட்டு

அப்பாவின் காதைத் தின்றது நூல் மில். மிச்சத்தைத் தின்ன வயிற்றில் கட்டி வந்தது. திறந்து பார்த்த டாக்டர் அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தெருவுக்கே விஷயம் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். காது கேட்காதவரிடம் பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? "புண்ணு ஆறுனதும் எந்திரிச்சுருவீக" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு சப்-ஊஃபர் கிறுக்கு பிடித்தது. பிளைவுட் பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கரை மாட்டி அப்பாவின் கட்டிலை ஒட்டி வைத்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஒருநாள் அப்பா பெட்டியின்மேல் கையை வைத்து, "பாடுதுடா" என்றார். பேச்சுக் கேட்காத மனுஷனுக்கு அடிச்சத்தம் மட்டும் உள்ளங்கை வழியாக ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் டவுன்ஹால் ரோட்டில் அலைந்து சி.டி.யாக வாங்கி வந்தான். சினிமாப் பாட்டு போட்டான். வெறும் உதறல்தான், ஆழமே இல்லை என்று அவனே நிறுத்தினான். சர்ச் ஆர்கன் போட்டான். ஜன்னல் கம்பியெல்லாம் நடுங்கியது. அப்பா, "வாசல்ல எவன்டா லாரிய நிப்பாட்டிருக்கான்?" என்றார். தவில் கொஞ்சம் பரவாயில்லை.

கடைசியாக, பேரையூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் பதிவு செய்த சி.டி. கிடைத்தது. நாயனம், அம்மன் பாட்டு, அடியில் உறுமி. உறுமி இழுத்ததும் அப்பாவின் முகம் மாறியது. "இதாண்டா! இன்னுங் கூட்டு!" என்றார். அண்ணன் முழுசாகத் திருகினான். அப்பா சிரித்து எத்தனை மாசமோ ஆகியிருந்தது, அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தாள்.

அண்ணன் படித்த எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் ஒன்றை மறந்துவிட்டான். நாயனமும் பாட்டும் சுவரைத் தாண்டாது, அடிச்சத்தம் தாண்டும். வீட்டுக்குள் எங்களுக்கு அம்மன் பாட்டு. தெருவுக்கு வெறும் கொட்டு. ஆஸ்பத்திரி கைவிட்ட ஆள் இருக்கிற வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யார் நின்று சாமிக் கொட்டா சாவுக் கொட்டா என்று தாளம் பிரித்துப் பார்ப்பார்கள்?

எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வந்தாள். தலையை அவிழ்த்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "அண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று நிலைப்படி தாண்டினாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர், கையில் ரோஜா மாலை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்பாவுக்கு ஒப்பாரி கேட்கவில்லை. மாலை தெரிந்தது. அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். இத்தனை நாள் கத்திக் கத்திக் காப்பாற்றிய பொய் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. எனக்கு எல்லோர்மேலும் ஆத்திரமாக வந்தது, அந்த மாலைமேல்கூட.

 அப்பா பெட்டியைத் தட்டினார்.

"எதுக்குடா நிப்பாட்டுன? எனக்கு அடிக்கிறப்ப நான் கேக்க முடியுமா? இப்பவே கேட்டுக்கிறேன். போடு."

அன்றிலிருந்து தினமும் அதுதான். வேறு எதைப் போட்டாலும் கையை எடுத்துவிடுவார். தெருவும் பழகிக்கொண்டது.

அவர் போன அன்று காலையில் கொட்டுக்காரர்கள் வந்து வாசலில் அடித்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அத்தை கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் கையோடு எழுந்து என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கண்ணன் கேட்டுக்கிட்டு இருக்காகன்னுல்லடி நெனச்சேன்" என்றாள்.