வலுவிழந்த புயல்

முன்பெல்லாம் புயல் என்றால், டிவியைப் பார்த்த கையோடு அண்ணனைத்தான் போனில் கூப்பிடுவேன். அப்பாவின் நிலம் பிரிந்தபோது மேல் வயல் அவருக்கு, கீழ் வயல் எனக்கு. நான் மன்னார்குடியில் குடியிருக்கிறேன். வயலைத் தினமும் பார்ப்பவர் அவர். மழைக்காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவர் வயல் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் வடிகாலுக்குப் போகும்; அதனால் என் வயல் தண்ணீர் இறங்கும்வரை அவர் தன் மடையைத் திறக்க மாட்டார். திறக்கும் முன், "திறக்கட்டுமா பாப்பா?" என்று கேட்பார். ஐம்பதைத் தொட்ட பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

அந்தக் கார்த்திகையில் சம்பா பூத்து நின்றது. நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் புயல் என்றார்கள். வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. அதை அள்ள ஆள் கூட்டி வருவதாக அண்ணனிடம் சொன்னேன்.

"எதுக்கு அலையிற? அது புயலே இல்லையாம். வலுவிழந்து தாழ்வு மண்டலமா ஆயிடுச்சு. பேசாம வீட்ல இரு, நான் பாத்துக்கறேன்."

நானும் பேசாமல் இருந்தேன், மடச்சி. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று தரம் பிரிப்பதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மழை எவ்வளவு கொட்டும் என்பது அந்தப் பெயர்களில் இல்லை. இங்கே நெல் போடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அண்ணன் சொன்னதும் மறந்துபோனது. வலுவிழந்த அந்தப் புயல் நகராமல் நின்று ஊற்றித் தீர்த்தது.

போன் வரவில்லை. பொறுக்க முடியாமல் பஸ் ஏறிப் போனேன். அவர் வயலில் பயிர் நிமிர்ந்து நின்றது. என் வயல் குளமாகக் கிடந்தது. மடையைத் திறந்தது போதாதென்று வரப்பையும் வெட்டி விட்டிருந்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே?"

"புயல் இல்லன்னுதான சொன்னேன். எங்கயாவது ஒரு மரம் விழுந்துச்சா, சொல்லு."

விழவில்லை. ஒரு தென்னங்கீற்றுகூட விழவில்லை. என்னை வீட்டில் உட்காரச் சொன்னபோதே இந்தப் பதிலையும் யோசித்து வைத்திருப்பார். அந்த வருஷம் என் வயலில் அறுக்க ஒன்றுமில்லை.

இப்போது தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தாலே குடையோடு போய் அந்த மடையருகில் நின்றுவிடுகிறேன். போன மழையில் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார்.

"வெறும் தாழ்வுப் பகுதிதான பாப்பா. இதுக்கெல்லாமா பயப்படுவ?"

"காத்துக்குப் பயந்து வரலண்ணே. உங்களுக்குப் பயந்துதான் வந்தேன்."